சிறுவர் நாவலில் காலப் பயணம்

சிறுவர்க்குக் கதை எழுதுவது எளிது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வகுப்பறையில் சங்க இலக்கியமும் இலக்கணமும் நடத்துகிற ஒருவனுக்குப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லத் தெரியாதா என்ற செருக்கும் அதில் கலந்திருந்தது. சேந்தமங்கலத்துக்கு அருகே, கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூர் நூலகத்தில், சனிக்கிழமை பிற்பகல்தோறும் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் வேலையை நானே விரும்பி ஏற்றுக்கொண்டேன். முதல் நான்கு வாரங்கள் பிறர் எழுதிய கதைகளைப் படித்தேன். ஐந்தாம் வாரம் ஒரு சிறுமி, "இந்தக் கதையெல்லாம் எங்கியோ நடக்குதுங்க சார். நம்மூருல ஒண்ணும் நடக்காதுங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி எழுதத் தொடங்கினேன். அவ்வாறு எழுதியபோது நான் கற்றவற்றையும், எழுதத் தெரியாமல் தடுமாறிய இடங்களையும் மாணவ நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உங்களுள் சிலரேனும் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். அவர்களுக்கு இது பயன்படலாம்.

முன்னோர் வகுத்த வழி

நம் வட்டாரத்துக்கும் சிறுவர் சாகசக் கதைக்கும் உள்ள உறவு புதியதன்று. பெரியசாமித் தூரன் என்றதும் நமக்குக் கலைக்களஞ்சியம் நினைவுக்கு வரும். 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அப்பெரும்பணிக்கு அவரே முதன்மை ஆசிரியர். அதன்பின் 1976க்குள் குழந்தைகளுக்கென்றே மற்றொரு பத்துத் தொகுதிகளையும் முடித்தார். ஈரோட்டுப் பகுதியில் பிறந்த அவர், இத்தனை சுமைக்கும் நடுவே 'கொல்லிமலைக் குள்ளன்' என்ற பெயரில் சிறுவர்க்கு ஒரு நாவல் எழுதினார் என்பது பலர் அறியாத செய்தி. 'மாயக்கள்ளன்', 'சூரப்புலி' ஆகியனவும் அவர் எழுதியவையே. உலகத்து அறிவையெல்லாம் அகர வரிசைப்படுத்திய அறிஞர், ஒரு சிறுவனின் கையைப் பிடித்து மலைக்குள் அழைத்துச் செல்வதையும் தம் கடமையாகக் கருதினார். அந்த நூலின் தலைப்பைச் சொன்னவுடனே எங்கள் நூலகத்துப் பிள்ளைகள் சன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார்கள். கதையின் பாதி வேலையைத் தலைப்பே செய்துவிட்டது.

மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' பெரியவர்களுக்கான நாவல்தான். எனினும் 1954இல் அது திரைப்படமாக வந்தபின் சிறுவர்களும் அக்கதையைத் தமதாக்கிக் கொண்டார்கள். சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் வேறொரு விந்தையைச் செய்தது. அமெரிக்கக் கலைஞர்களோடு கூட்டுச் சேர்ந்து 1952இல் 'காடு' என்ற படத்தை எடுத்தது. பனிக்காலத்தோடு அழிந்துபோன மயிரடர்ந்த மாமத யானைகள் இந்தியக் காட்டில் இன்னும் உயிரோடு திரிவதாகக் கற்பனை செய்த படம் அது. நம் நாட்டு யானைகளுக்கே சடை மயிர் போர்த்தி நடிக்க வைத்தார்கள். அந்த யானைகளின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பே. ஏற்காடு சாலை வழியே செல்வோர் அந்நிறுவனத்தின் முகப்பு வளைவைப் பார்த்திருப்பீர்கள்.

இதழ்களின் பங்கு தனியே பேசத்தக்கது. சக்கரபாணியும் நாகிரெட்டியும் 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' வேதாளத்தை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இவ்விருவரே 1951இல் 'பாதாள பைரவி' படத்தையும் அளித்தவர்கள். 'கண்ணன்' இதழும், 1972இல் அழ. வள்ளியப்பாவை ஆசிரியராகக் கொண்டு வந்த 'கோகுலம்' இதழும் தொடர்கதைகளால் பிள்ளைகளை மாதம் முழுதும் காத்திருக்க வைத்தன. அதே 1972இல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வந்தது. இரும்புக்கை மாயாவி தமிழ் பேசத் தொடங்கினார். ஓர் இதழை ஒருவர் வாங்குவார்; அது பத்துப் பேர் கைமாறி, அட்டை கிழிந்து, நடுப்பக்கம் காணாமற்போய் உரியவரிடம் திரும்பும். காணாமற்போன அந்த நடுப்பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று நானும் என் தம்பியும் இட்டுக்கட்டிக்கொண்டதுண்டு. எழுத்துப் பயிற்சியில் எனக்கு முதற் பாடம் அதுவே என்று இப்போது தோன்றுகிறது.

காலத்தைக் கடத்தல்

சாகசக் கதைக்கு நம்மிடம் மரபு உண்டு. காலப் பயணத்துக்கு உண்டா? மேலை நாட்டினர் எச். ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய 'கால இயந்திரம்' நாவலைச் சுட்டுவர். அதில் வரும் பயணி கி.பி. 802701ஆம் ஆண்டுக்கே சென்றுவிடுகிறான். நம் புராணத்தில் ககுத்மி என்ற மன்னன் கதை உண்டு. தன் மகள் ரேவதிக்கு ஏற்ற மணமகனைக் கேட்டறிய அவளையும் அழைத்துக்கொண்டு பிரமனிடம் செல்கிறான். அங்கே இசை நடந்துகொண்டிருக்கிறது. முடியட்டும் என்று சற்றே காத்திருக்கிறான். பிறகு பிரமன் நகைத்து, நீ மனத்தில் கொண்டுவந்த மன்னர்கள் எல்லாரும் மறைந்து இருபத்தேழு சதுர்யுகம் கடந்துவிட்டது என்கிறார். மகளோடு பூமிக்குத் திரும்பியவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ரேவதி பலராமனை மணக்கிறாள். இக்கதையில் ஒன்றைக் கருத வேண்டும். பிரமனே ஆயினும் அவனைப் பழைய நாளுக்குத் திருப்பி அனுப்பவில்லை. இச்செய்தி எனக்குப் பின்னால் பெரிதும் பயன்பட்டது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

சிறுவர்க்கென்று எழுதப்பட்ட காலப் பயணக் கதைகளில் ஈ. நெஸ்பிட் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர் 1906இல் எழுதிய தாயத்துக் கதை முன்னோடியானது. பாதி உடைந்த தாயத்து ஒன்றின் வழியே நான்கு பிள்ளைகள் எகிப்துக்கும் பாபிலோனுக்கும் சென்று வருகிறார்கள். பாபிலோன் அரசியே இலண்டனுக்கு வந்து கலகம் விளைவிக்கும் பகுதியைப் படித்துக் காட்டியபோது எங்கள் நூலகமே சிரித்தது. தமிழில் அண்மைய சான்று, கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியின் பழங்காலத்துக்கு இன்றைய சிறுவனை அழைத்துச் செல்லும் அந்நாவல் 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ஆதன் என்ற பெயர் ஆசிரியர் புனைந்ததன்று. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்த பெயர். ஓர் ஓட்டில் கீறப்பட்ட பெயரை எடுத்து அதற்கு ஒரு சிறுவனின் முகத்தைக் கொடுத்தது நல்ல நாவலாசிரியரின் செயல்.

எங்கள் கதையின் வாயில்

காலப் பயணக் கதைக்கு ஒரு வாயில் வேண்டும். இயந்திரமா, கண்ணாடியா, கிணறா? நான் முதலில் இயந்திரம்தான் எழுதினேன். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் ஒருவர் அதைச் செய்வதாக வைத்தேன். பிள்ளைகள் விடவில்லை. எந்த இஞ்சின், டீசல் எவ்வளவு பிடிக்கும், பர்மிட் உண்டா என்று கேட்டார்கள். அவர்களுள் பாதிப்பேர் லாரித் தொழிலில் உள்ளவர் வீட்டுப் பிள்ளைகள். எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்ததைவிட அவர்களுக்கு மிகுதியாகத் தெரியும். இயந்திரத்தைக் கைவிட்டேன்.

பின்பு இராபர்ட் புரூஸ் பூட் என்பவரின் நினைவு வந்தது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான அவர் ஏற்காட்டில் வாழ்ந்தவர். புதிய கற்கால மக்கள் தேய்த்து வழவழப்பாக்கிய கைக்கோடரிகள் சேர்வராயன் மலைப்பகுதியில் கோயில்களில் வைத்து வழிபடப்படுவதை அவர் குறித்திருக்கிறார். நிலத்தை உழும்போது கிடைத்த விந்தையான கல்லைப் பிள்ளையார் அருகே வைப்பது நம் மக்களின் வழக்கம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் கையால் தேய்த்த கல், இன்று திருநீறு பூசிக்கொண்டு அரசமரத்தடியில் இருக்கிறது. இதைவிட நல்ல வாயில் வேறு எங்கே கிடைக்கும்? மரவள்ளிக் காட்டு ஓரத்துப் பிள்ளையார், அவர் பக்கத்தில் ஒரு வழவழப்பான கல், அதைத் தொடுகிற மூன்று பிள்ளைகள் என்று கதை மீண்டும் தொடங்கியது.

அப்போது மற்றொரு பிழை செய்தேன். கல்லைத் தொட்டு நினைத்த இடத்துக்கும் நினைத்த காலத்துக்கும் போகலாம், நினைத்தபோது திரும்பலாம் என்று எழுதிவிட்டேன். மூன்றாம் அத்தியாயத்தில் புலி வந்தது. நான் குரலை உயர்த்திப் படித்தேன். ஒருவன் கொட்டாவி விட்டான். "கல்லத் தொட்டா வந்துருவாங்களே சார், அப்பறம் என்னங்க பயம்?" என்றான். அவன் சொன்னது முற்றும் சரி. எல்லாம் கைகூடும் மாயம் கதையைக் கொன்றுவிடுகிறது. அன்று படிப்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கல்லுக்குச் சட்டம் வகுத்தேன்.

முதலாவது, இடம் மாறாது. காலம் மட்டுமே மாறும். நின்ற இடத்திலேயேதான் அன்றைய நாளில் நிற்பார்கள். இரண்டாவது, கல் நனைந்திருந்தால்தான் வேலை செய்யும். கல்லின் ஈரம் உலர்வதற்குள் திரும்பிவிட வேண்டும். மூன்றாவது, அங்கிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது, எதையும் விட்டுவரவும் கூடாது. முதற் சட்டத்தைச் சொன்னவுடன் ஒரு சிறுவன், "அப்ப மாடியில நின்னு தொட்டா?" என்றான். எல்லாரும் ஒருகணம் எண்ணிப் பார்த்தார்கள். பழங்காலத்தில் அந்த மாடி ஏது? ஓவென்று சிரிப்பு. நாலாம் அத்தியாயத்தில் கதைத்தலைவன் வைக்கோற்போரின்மீது விழவேண்டியதாயிற்று. பிறகு அந்தக் காலத்தில் அவ்விடத்தில் வைக்கோற்போர் இருந்திருக்குமா என்று ஒரு வழக்கு எழுந்து, அதைப் புதராக மாற்றினோம்.

இச்சட்டங்கள் வந்தபின் கதைக்கு உயிர் வந்தது. காரவல்லியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறும் எழுபது கொண்டைஊசி வளைவுகள் ஓரி காலத்தில் இல்லை. ஆகவே மலைமேல் ஓரியைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளைகள் இன்றைய பேருந்தில் ஏறிப்போய் அங்கிருந்து கல்லைத் தொட வேண்டும். அல்லது அன்றைய காட்டில் நடந்தே ஏற வேண்டும். கல் உலர்ந்துகொண்டிருக்கும். வெயில் ஏற ஏறக் கேட்பவர்கள் முகத்தில் கவலை ஏறும். ஒரு சிறுமி தன் கைக்குட்டையை நனைத்துக் கல்லின்மேல் போட்டுக்கொள்ளலாமே என்று வழி சொன்னாள். அது சட்டத்துக்கு உட்பட்டதே என்று அவை ஒப்புக்கொண்டது. அடுத்த அத்தியாயத்தில் அக்கைக்குட்டையை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு போயிற்று.

இல்லாதவற்றை எழுதுதல்

பழங்காலத்துக்குச் செல்லும் கதையில் அங்கே என்ன இருந்தது என்று எழுதுவதைவிட என்ன இருந்திருக்காது என்று அறிவது கடினம். இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நான் மிகுதியாகத் தவறியது இங்கேதான்.

வல்வில் ஓரி வாழ்ந்தது ஏறத்தாழ 1,800 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முன். அந்நாளில் நம் பிள்ளைகள் அடிவாரத்தில் நிற்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மரவள்ளிக் காடு என்று எழுதப் போனேன். மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்த பயிர். நம் சேலத்து ஜவ்வரிசித் தொழிலோ இரண்டாம் உலகப் போரின்போது மலேயாப் பக்கத்து இறக்குமதி நின்றபின் 1940களில் எழுந்தது. சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனம் 1981இல் வந்தது. ஆகவே மரவள்ளியை அடித்தேன். பசித்த பிள்ளைகளுக்கு ஒரு குறவர் குடிப் பெண் மிளகாய் அரைத்த குழம்பு ஊற்றுவதாக எழுதினேன். மிளகாயும் கடல் கடந்து வந்ததே, அதையும் அடித்தேன். நிலக்கடலை, மக்காச்சோளம், தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, அன்னாசி எல்லாம் ஒவ்வொன்றாக விடைபெற்றன. வேலியில் சீமைக் கருவேலம் இல்லை. மலைமேல் காப்பித் தோட்டம் இல்லை. கொல்லிமலையில் இன்று காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது.

பிள்ளைகளுக்கு இது விளையாட்டாயிற்று. அவரவர் வீட்டு அடுப்பங்கரையில் உள்ளவற்றை எழுதிவந்து, எது ஓரி காலத்தில் உண்டு, எது இல்லை என்று பிரித்தார்கள். மிளகு உண்டு, பலா உண்டு, தேன் உண்டு, வாழை உண்டு, இஞ்சி உண்டு, தினையும் சாமையும் வரகும் உண்டு. "அப்ப ஓரி ராசாவுக்குக் காரச் சட்னி கெடைக்காதுங்களா?" என்று ஒருத்தி மிகவும் வருந்தினாள். தன் பாட்டி சாமைச் சோறு ஆக்குவதை அதுவரை இழிவாக எண்ணியிருந்த ஒருவன், அது ஓரியின் சோறு என்று தெரிந்தபின் அடுத்த வாரம் தூக்குப்போசியில் கொண்டுவந்து எல்லாருக்கும் ஒரு பிடி கொடுத்தான்.

மொழியும் இடர் தந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் சென்ற நம் பிள்ளைகள் என்ன பேசுவார்கள்? மேலைக் கதைகளில் மாயமே மொழியையும் கற்பித்துவிடும். தமிழ் ஆசிரியனாகிய எனக்கு அவ்வாறு தாண்டிச் செல்ல மனம் வரவில்லை. வன்பரணர் ஓரியின் வில்லாண்மையைப் பாடிய புறநானூற்றுப் பாடலை எடுத்துக்கொண்டோம். ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாய் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்பது அதன் செய்தி. பாட்டு முழுவதும் பிள்ளைகளுக்கு விளங்காது. ஆனால் பன்றி, புற்று, உடும்பு ஆகிய சொற்கள் அவர்கள் காதில் உடனே விழுந்தன. உடும்பை அவர்கள் ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே கதையில் பிள்ளைகள் தெரிந்த சொற்களைக் கல்லடுக்கிய பாலம்போல் மிதித்து மிதித்துப் பேசுவதாக அமைத்தேன். இடையே விளங்காத சொற்கள் நீராக ஓடும். அந்த அத்தியாயத்தைப் படித்த வாரம் ஒரு சிறுவன், ஓரியும் 'மல'ன்னுதான் சொல்வாருங்களா, 'மலை'ன்னு சொல்வாருங்களா என்று கேட்டான். என் மொழியியல் வகுப்பில்கூட இப்படி ஒரு வினா எழுந்ததில்லை.

கொல்லிப் பாவையைப் பற்றி ஒரு சொல். தெய்வம் செய்துவைத்த அப்பாவை, காற்று மோதினும் இடி இடிப்பினும் நிலம் அதிரினும் தன் உருக் குலையாது என்று பரணர் நற்றிணையில் பாடுகிறார். சிரித்தே கொல்லும் என்பது வழிவழிச் செய்தி. உருக் குலையாதது என்றால் அதற்கு வயதில்லை. ஆகவே எங்கள் கதையில், எந்தக் காலத்துக்குச் சென்றாலும் பிள்ளைகளை அடையாளம் காணக்கூடியவள் பாவை ஒருத்தியே. பிள்ளைகள் முதன்முறையாக அவளைப் பார்க்கும்போதே அவள் அவர்களைத் தெரிந்தவள்போல் சிரிக்கிறாள். ஏன்? அவர்கள் பின்னால் செய்யப்போகும் பயணம், அவளுக்கு முன்னால் நடந்துவிட்டது. இதை விளங்கவைக்க எனக்குக் கரும்பலகை தேவைப்படும் என்று எண்ணினேன். தேவைப்படவில்லை. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கோலப்பொடியால் தரையில் கோடு போட்டுப் பெரியவர்களாகிய எங்களுக்கே விளக்கினாள்.

நோட்டின் பயணம்

கதை வளர வளர ஒரு நோட்டு மூன்று நோட்டாயிற்று. வாரம் ஒரு நாள் படிப்பது போதவில்லை. பிள்ளைகள் நோட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கேட்டார்கள். நூலகப் பதிவேட்டில் சேராத நோட்டு என்பதால் அவர்களே ஒரு பட்டியல் எழுதி, ஆளுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்த நோட்டில் எண்ணெய்க் கறையும் பருப்புக் கறையும் இருந்தன. ஓரத்தில் படங்கள் இருந்தன. ஓரிக்கு யாரோ மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் வேறொரு கையெழுத்தில், பென்சிலால், 'இந்த இடத்தில் சார் அவசரமாக முடித்துவிட்டார்' என்று இருந்தது. படித்துப் பார்த்தேன். அவசரமாகத்தான் முடித்திருந்தேன்.

பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் வகுப்பறை வரை வருகின்றன. ஆயினும், கையால் எழுதிய நோட்டில் ஒரு வசதி உண்டு. அதில் அடிக்கலாம், திருத்தலாம். படிப்பவர் தம் பெயரையும் ஓர் ஓரத்தில் எழுதி வைக்கலாம். அச்சில் வந்த நூலிடம் பிள்ளைகள் சற்றே கைகட்டி நிற்கிறார்கள். அந்த நோட்டிடம் அவர்களுக்கு அத்தகைய அச்சம் இல்லை. ஆசிரியப் பயிற்சிக்குச் செல்வோர் ஒரு பருவமேனும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு வினா

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

பின்வரிசையில் ஒரு சிறுவன் உட்காருவான், ஆறாம் வகுப்பு. சிரிப்பில் சேரமாட்டான், ஆனால் ஒரு வாரமும் தவறமாட்டான். கல்லின் சட்டங்களை வகுத்து முடித்த சில வாரங்களுக்குப்பின், எல்லாரும் போனபிறகு என்னருகே வந்து நின்றான். "சார், எடம் மாறாதுன்னு சொன்னீங்கள்ல. அப்ப வண்டி நின்ன எடத்துலயே போயி நின்னு கல்லத் தொட்டா அந்த நாளுக்குப் போகலாமுங்களா?" என்றான். எந்த வண்டி என்று கேட்டேன். "அப்பா ஓட்டுன வண்டிங்க. நாக்பூரு தாண்டி" என்றான். நூலகர் பிறகு சொன்னார். அவன் தந்தை லாரி ஓட்டுநர். முந்தைய ஆண்டு வடக்கே நடந்த விபத்தில் இறந்தவர்.

நான் என்ன விடை சொன்னேன் தெரியுமா? "பார்க்கலாம் தம்பி, அது கதையில பின்னால வரும்" என்றேன். சொல்லும்போதே அது கோழைத்தனம் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

அந்த இரண்டு வாரங்களும் நான் பெரும்பாடு பட்டேன். மாயக் கதை எழுதுகிறவன் கையில் எல்லாம் இருக்கிறது. ஒரு வரி எழுதினால் லாரி நின்றுவிடும். தந்தை வீடு திரும்பிவிடுவார். கதையில் அதைச் செய்யத் தடையில்லை. ஆனால் நோட்டை மூடியபின் அந்தச் சிறுவன் எந்த வீட்டுக்குப் போவான்? மாறாக, அது முடியவே முடியாது என்று சட்டத்தைக் காட்டி வாயிலை அடைத்துவிடலாம். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. கேட்டவன் பதினொரு வயதுப் பிள்ளை. அவன் கேட்டதோ நாங்கள் கூடி வகுத்த சட்டத்தின் உள்ளிருந்து எழுந்த முறையான வினா. கதையின் சட்டத்தை அவனளவுக்கு உண்மையாக எடுத்துக்கொண்டவர் எவரும் இலர், நான் உட்பட.

ககுத்மியின் கதையை மீண்டும் எடுத்துப் படித்தேன். பழைய நாள் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் ரேவதிக்கு வரும் நாள் ஒன்று இருந்தது. எங்கள் மூன்றாவது சட்டத்தையும் எண்ணிப் பார்த்தேன். எதையும் கொண்டுவரக் கூடாது, எதையும் விட்டுவரக் கூடாது. ஓர் எச்சரிக்கைச் சொல்லும் விட்டுவருவதுதானே? ஆகவே மாற்ற முடியாது. ஆனால் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இடம் மாறாது என்றால், நாக்பூருக்குப் போவானேன்? தந்தை பிறந்து வளர்ந்த ஊர் இதே ஊர். அவர் ஆடிய தெரு இதே தெரு.

பதினான்காம் அத்தியாயத்தை அவ்வாறு எழுதினேன். கதையில் வரும் சிறுவன் மழை ஓய்ந்த மாலையில் பிள்ளையார் முன் நின்று கல்லைத் தொடுகிறான். அரசமரம் சற்றே சிறிதாகிவிடுகிறது. எதிரே மண் தெருவில் அவன் வயதுள்ள ஒரு பையன் தனியாகக் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருக்கிறான். முகத்தைப் பார்த்தவுடனே யாரென்று இவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவனுக்கு இவனைத் தெரியாது. "ஆட வர்றியா?" என்று கேட்கிறான். இருவரும் ஆடுகிறார்கள். இவன் ஒன்றும் சொல்லவில்லை. கல்லின் ஈரம் உலர்கிறது. அவ்வளவே அந்த அத்தியாயம். நான் எழுதியவற்றுள் மிகச் சிறியது.

நூலகரிடம் சொல்லி அச்சிறுவனை வரவழைத்தேன். பின்வரிசையிலேயே உட்கார்ந்தான். படிக்கும்போது அவன் பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன், பார்க்கவில்லை. படித்து முடித்தபின் யாரும் கைதட்டவில்லை. வழக்கமாக எழும் கேள்விகளும் எழவில்லை. பிள்ளைகள் கலைந்து போனார்கள். அவன் மட்டும் நோட்டின் அருகே வந்து, நான் படித்த பக்கத்தை விரலால் தொட்டான்.

"எங்கப்பா கிட்டி ஆடமாட்டாருங்க சார். பம்பரந்தானுங்க."

பேனாவை எடுத்து, கிட்டிப்புள் வந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் பம்பரம் என்று எழுதினேன். அவன் பக்கத்தில் நின்று ஒவ்வோர் இடமாகச் சரி பார்த்தான். தரையிலிருந்து எடுத்துக் கையில் ஏந்தி ஆடவிடுவார் என்றான், அதையும் சேர்த்தேன். கயிறு எப்படிச் சுற்றுவார் என்று கேட்டேன். என் மேசைமேல் இருந்த சுண்ணாம்புக்கட்டியையும் ஒரு சணல் கயிற்றையும் எடுத்துச் சுற்றிக் காட்டினான். இடக்கைச் சுற்று.